முறை வரட்டும் என்று உட்கார்ந்திருந்தவள்

மணலில் மாடி வீடு நிற்காது என்றார்கள். நிற்க வைத்தேன். பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற எங்கள் குப்பத்தில் முதல் மாடி என்னுடையதுதான். புயல் வந்தால் பாதி ஊர் அதற்குள்தான் ஒண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஐஸ் கம்பெனி எதற்கு என்று பொன்னேரியில் ஒரு அதிகாரி என் முகத்துக்கு நேரே சிரித்தார். அந்த ஐஸில்தான் இன்று இந்தக் கரையின் இறால் கெடாமல் சென்னைக்குப் போகிறது. வெட்டவெளியில் வெந்துகொண்டே மீன் பிரித்த பெண்களுக்கு ஏலக்கொட்டகை போட்டுக் கொடுத்தேன். ஏரியின் வாய் தூர்ந்து போன வருஷம், அரசாங்கத்து இயந்திரம் இன்று வரும் நாளை வரும் என்று எல்லாரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஊரைத் திரட்டி மண்வெட்டியால் மணலை வெட்டிக் கடலை உள்ளே விட்டேன். அடுத்தவன் படகில் வலை இழுத்துத் தொடங்கியவன், இன்று பஞ்சாயத்தில் முன்னால் உட்காருகிறேன். நான் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஆனால் எழுத உட்கார்ந்தது பயத்தைப் பற்றி. கடலில் இயந்திரம் நின்றுபோய் அலை போன பக்கம் போயிருக்கிறேன். அப்போதுகூட இப்படிப் பயந்ததில்லை. என் வீட்டுக்காரியின் மார்பில் என் விரல் பட்ட ஒரு சின்ன இடம் என்னைக் கலக்கிவிட்டது. அந்தக் கலக்கம் இன்னும் தெளியவில்லை.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சிக்கு வந்தார். வெளிநாட்டில் படித்தவர். அங்கே ஒரே ஊரில், ஒரே ஆஸ்பத்திரிக்கு வருகிற வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் கறுப்பினப் பெண்ணுக்கும் நம் நாட்டிலிருந்து போய்க் குடியேறிய பெண்ணுக்கும் மார்பில் வருகிற புற்று ஒரே மாதிரி முடிவதில்லை என்று பார்த்தாராம். ஒருத்தி சீக்கிரம் வருகிறாள், ஒருத்தி முற்றிய பிறகு வருகிறாள். ஒருத்தி பிழைக்கிறாள், ஒருத்தி போய்விடுகிறாள். உடம்பு காரணமா, வீடு காரணமா, பேசுகிற மொழியா, ஆஸ்பத்திரியில் நடத்துகிற விதமா என்று தேடுகிற வேலை அவருடையது. அதே வேலையை இங்கே, ஒரே ஏரியைச் சுற்றி வாழ்கிற மூன்று விதமான சனங்களிடம் செய்ய வந்தார். பழவேற்காடு டவுனில் முஸ்லிம் பெண்கள், சுண்ணாம்புக்குளம் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிற பெண்கள், கடற்கரைக் குப்பத்தில் எங்கள் பெண்கள். கேள்வியும் கேட்பார்கள், கூடவே ஒரு நர்ஸம்மா கையால் தடவிப் பார்த்து, சந்தேகம் இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டுக் கொடுத்து அனுப்புவார்.

வந்த அன்று மாலையே என்னிடம் முறையிட்டார்.

"அய்யா, உங்க ஊர்ப் பெண்கள் யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க."

"எங்க நின்னு கேட்டீங்க?"

"குழாய்கிட்ட."

"குழாயாண்ட நின்னு மாருல கட்டி கீதான்னு கேட்டா, குடத்தாலதாம்மா பதில் வரும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். ஏலக்கொட்டகையின் பின்கட்டை ஒழித்து, ஜன்னலுக்குப் படகுப் பாயைக் கட்டி, ஒரு கட்டிலும் மின்விசிறியும் போட்டுக் கொடுத்தேன். ஏரிக்கு அந்தப் பக்கம் போக என் படகையே விட்டேன். முதல் நாள் ஒருத்தியும் வரவில்லை. அடுத்த முறை ஒருத்தி போய்விட்டு வந்து, "அய்ய, ஒண்ணுமில்லடி, பொம்பளதான் பாக்குது" என்று சொன்னதும் அத்தனை பேரும் ஒரேயடியாகக் கதவை மொய்த்துக்கொண்டார்கள். நீ முன்னாலா நான் முன்னாலா என்று முடியைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டது.

அப்போதுதான் பாட்டு முறையைக் கொண்டுவந்தேன்.

பாடு என்றால் ஏரியில் இறால் ஓடுகிற வழி. அப்படிப்பட்ட இடம் கொஞ்சம்தான் உண்டு. எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் வெட்டுக்குத்துதான் மிஞ்சும். அதனால் வீடு வீடாக முறை வைத்திருக்கிறோம், அதுதான் பாட்டு முறை. இன்றைக்கு இவன், நாளைக்கு அவன். வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் முறை வராதவன் அந்தப் பக்கம் படகைத் திருப்ப மாட்டான். திருப்பினால் ஊர் அவனோடு பேசாது. அவன் வீட்டுப் பெண் குழாய்க்கு வந்தால் மற்றவர்கள் பாதிக் குடத்தோடு நகர்ந்துவிடுவார்கள். எங்களுக்குச் சட்டம், கோர்ட்டு எல்லாம் அதுதான்.

"நர்ஸம்மாகிட்டயும் பாட்டு முறைப்படியே போங்க" என்று கொட்டகையில் நின்று சொன்னேன். ஒரு முணுமுணுப்பு எழவில்லை. யாருக்குப் பின் யார் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். என் வீட்டை மட்டும் கடைசியில் போட்டேன். ஐஸ் கம்பெனிக்காரன் தன் வீட்டை முன்னால் சொருகிவிட்டான் என்று எவனும் சொல்லக் கூடாது. டாக்டரம்மா அசந்துபோனார். "இவ்வளவு ஒழுங்கா எந்த ஊர்லயும் நடக்கலைங்கய்யா" என்றார். அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்தேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஏரி பொங்கியது, சாலை முழுகியது, டாக்டரம்மா கூட்டத்தால் வரவே முடியவில்லை. புயல் சின்னம், விடுமுறை என்று நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. முறை மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

பொங்கல் முடிந்த சமயம், ஒரு நாள் காலையில் ஐஸ் கம்பெனி வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பர்தா போட்ட ஒரு அம்மா இறங்கினார். டவுனில் பழைய வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் வீட்டுக்கு என் வீட்டுக்காரி கருவாடு கொண்டுபோய்க் கொடுத்து, அக்கா தங்கை போல ஆகிவிட்டார்கள். என் வாசலுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, மெஷினை நிறுத்து. பேசணும்."

"நிறுத்தினா இறால் நாறிடும்மா. சொல்லு."

"நாறட்டும். உம் பொண்டாட்டி மாருல கட்டி கீது. தெரியுமா உனக்கு?"

இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் காது அடைத்துக்கொண்டது.

"இன்னாம்மா சொல்ற?"

"மழைக்கு முந்தியே எங்கிட்ட காட்டிடுச்சு. போய்ப் பாருடின்னு அன்னிக்கே சொன்னேன். முறை வரட்டும்க்கான்னுச்சு. இன்னிக்கும் அதையேதான் சொல்லுது. இன்னாண்ணே முறை? ரேஷன் கடையா நடத்துற?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா."

"உங்கிட்ட எப்படிச் சொல்லும்? கடைசி ஆளா உக்கார வெச்சதே நீதானே." பர்தாவின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஒரு பக்கம் எடுத்துட்டாங்கண்ணே. ஊருக்குத் தெரியாது. எங்க வூட்டுல பொம்பளைங்க எல்லாம் ஒரே கூடத்துல கெடப்போம். குளிச்சிட்டு வந்து துணி மாத்தறப்போ என் நாத்தனாருதான் மொதல்ல கண்டுபுடிச்சா. ஆம்பள டாக்டர் முன்னால எப்படித் தொறந்து காட்டறதுன்னு அழுதேன். லேடி டாக்டர் இருக்கிற இடமா தேடிப் புடிச்சி இட்டுகினு போனாங்க. பயந்தேன், ஆனா நாள் கடத்தல. அதான் உன் எதிர்ல நிக்கிறேன்."

வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. மொட்டை மாடியில் அவள் இறாலைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே, மாருல இன்னா?"

அவள் கை நிற்கவில்லை. "அக்கா வந்து ஓதிடுச்சா? அது வாயில ஒண்ணு தங்காதே."

"காட்டு."

"பேரன் எடுத்த வயசுல, பட்டப்பகல்ல, மொட்டை மாடியிலயா? ஆசையப் பாரு."

சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவள் சிரிப்பும் நின்றது. படிக்கட்டு மறைவுக்கு வந்து என் கையைப் பிடித்து இடது பக்கத்தில் வைத்தாள். ஏரிச் சேற்றில் நடக்கும்போது காலடியில் மட்டிச் சிப்பி தட்டுப்படும் அல்லவா, மேலே மெத்தென்றிருந்து உள்ளே கல்லாக, அப்படி ஒன்று தட்டுப்பட்டது. சேற்றில் தட்டினால் தோண்டி எடுத்துக் கூடையில் போடுவோம். இங்கே கையை எடுக்கவும் தெரியவில்லை, வைத்திருக்கவும் தெரியவில்லை.

"வலிக்குதா?"

"வலிச்சிருந்தா உங்கிட்ட கத்தியிருக்க மாட்டனா?"

"கெளம்பு. நேரா சென்னைக்கு."

"முறை வரட்டும்."

"எவ முறைடி?"

"நம்ம முறை. கோடி வூட்டுக்காரிக்கும் கட்டி கீது. எனக்குத் தெரியும். வாயை மூடிகினு அவ முறைக்குக் காத்துகினு கீறா. நான் மட்டும் காரு வெச்சுகினு போயி காட்டிட்டு வந்து அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்? அப்பால நான் கொட்டகையில போயி உக்காந்தா அத்தினி பேரும் எழுந்து போவாளுங்க. நீ போட்ட முறைய நானே தாண்டட்டா?"

எங்கள் மகன் வந்தான். "நைனா, பேசிகினு கீறியே, தூக்கிகினு போயிடலாம்" என்றான். "தூக்குடா பாக்கலாம்" என்றாள் அவள். "தூக்கிகினு போயி வெச்சாலும் அங்க ரவிக்கை கழட்ட மாட்டேன். இன்னா செய்வ?"

என்ன செய்வேன்? ஊரையே அடக்குகிறவன் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். கடலில் ஆபத்து என்றால் செய்வதற்கு ஒரு வேலை இருக்கும். தண்ணீரை இறைக்கலாம், நங்கூரத்தை அறுக்கலாம். இதற்கு ஒன்றுமே இல்லை. அவள் இறாலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் சேலைக்குள் அந்த மட்டி வளர்ந்துகொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க வளர்வது போலவே இருந்தது.

மறுநாள் காலை ஏலம் முடிந்ததும் கொட்டகையில் எழுந்து நின்றேன்.

"என் வூட்டு முறைய முன்னால மாத்திக் குடுங்க. அவளுக்குக் கட்டி கீது" என்றேன்.

உடனே ஓர் இளவட்டம் எழுந்தான். முந்தின வருஷம் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று முறை தாண்டி வலை கட்டிய பையன். பஞ்சாயத்தில் அவனைத் தள்ளி வைத்தது நான்.

"பெரியவரே, முறைன்னா முறைதான்னு அன்னிக்குச் சொன்னது யாரு? இதே தூணாண்டதான் நின்னீங்க."

இவர்கள் மாட்டோம் என்று சொன்னால் அவள் போக மாட்டாள், அவள் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேல் மனம் நகரவில்லை.

மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி கையிலிருந்த நண்டைக் கூடையில் எறிந்துவிட்டு எழுந்தாள்.

"டேய், பாடு இறாலுக்குடா. மாருக்கு இன்னாடா பாடு? இவரு ஒருத்தரு முறை வெச்சாரு, நீ ஒருத்தன் அத்த புடிச்சுகினு தொங்கற. தோ, எவளெவளுக்குக் கட்டி கீதோ கைய தூக்குங்கடி. ஆம்பளைங்க அந்தாண்ட திரும்புங்கடா!"

ஆண்கள் நிஜமாகவே திரும்பிக்கொண்டார்கள். நான் திரும்பவில்லை. என் வீட்டுக்காரி கோடி வீட்டுக்காரியைப் பார்த்தாள். அவள் இவளைப் பார்த்தாள். இரண்டு கைகளும் சேர்ந்தே மேலே போயின. அப்புறம் கைக்குழந்தைக்காரி ஒருத்தி கையைப் பாதி தூக்கினாள். இறாலை எடை போடுகிற இடத்தில், செதில் ஒட்டிய மூன்று ஈரக் கைகள். அதைப் பார்த்து நான் பயந்தது போல என் வாழ்நாளில் எதற்கும் பயந்ததில்லை. என் வீட்டில் ஒன்று என்று நினைத்து வந்தவன், ஊருக்குள் இன்னும் எத்தனை இருக்கிறதோ என்று நின்றேன்.

அந்த இடத்திலேயே சொன்னேன். "இதுக்குப் பாட்டு முறை கெடையாது. கட்டி கீறவ முன்னால. மத்தவங்க அப்பால." சொல்லி முடிப்பதற்குள் என்னை மடக்கிய அந்தப் பையனே டவுனுக்குத் திரும்பி வந்திருந்த நர்ஸம்மாவை அழைத்துவரப் படகை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

கைக்குழந்தைக்காரிக்கு வெறும் பால்கட்டு. மற்ற இருவரையும் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஊசியால் சதையை எடுத்தார்கள். முடிவு வந்த அன்று கூப்பிட்டார்கள். டாக்டரின் அறைக்குள் போனதும், யாரிடமும் எதையும் கேட்கத் தயங்காத என் வாய் திறக்கவில்லை. அவள்தான் கேட்டாள்.

"பொழைப்பனா, சொல்லுங்க. வூட்டுல இறால் காயுது."

"பிழைக்க வைக்கத்தான்மா பார்ப்போம். இன்னும் கொஞ்சம் முன்னால வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். கோடி வீட்டுக்காரிக்குப் பரவவில்லை, இவளுக்கு அக்குளுக்கும் இறங்கியிருந்தது. எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. டவுன் அம்மா ஒவ்வொரு தடவையும் கூட வந்து உட்கார்ந்து, "எனக்கும் கொட்டுச்சு, அப்பால சுருட்டையா மொளைச்சுது, உனக்கும் சினிமாக்காரி மாதிரி வரும் பாரு" என்று சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

மருந்து ஏற்றுகிற அதே கூடத்துக்குச் சுண்ணாம்புக்குளம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். தெலுங்கைத் தவிர வேறு பேச்சு அவ்வளவாக வராது. நர்ஸ் எது சொன்னாலும் தலையை ஆட்டுவாள். ஒரு நாள் என்னிடம் தெலுங்கில் கேட்டாள், கட்டியை எடுத்தாகிவிட்டதே, இனி எதற்கு மருந்து என்று. வியாபாரத்தில் பழகிய தெலுங்கில் எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன். அடுத்த தடவை அவள் வரவில்லை. அதற்கு அடுத்த தடவையும் இல்லை. அந்தப் பக்கம் இறால் எடுக்கப் போனபோது விசாரித்தேன். இறந்துபோய்விட்டாள் என்றார்கள். கேட்டுவிட்டு ஏரிக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று பெண்களும் ஒரே ஏரி மீனைத் தின்றவர்கள். ஒருத்தி நாத்தனார் கண்ணில் பட்டதால் முந்திக்கொண்டாள். ஒருத்திக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. என் வீட்டுக்காரி நடுவில் நிற்கிறாள். எந்தப் பக்கம் சாய்வாள் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு வருஷம் ஓடிப் போன பிறகு, போன மாதம் டாக்டரம்மா திரும்பி வந்தார். கண்டுபிடித்ததை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று என் கொட்டகையிலேயே கூட்டம். சுவரில் படம் காட்டினார். குப்பத்துப் பெண்கள் தாமதமாகச் சிகிச்சைக்கு வருகிறார்கள் என்று படித்தார். காரணம் கூச்சம், அறியாமை, வீட்டு ஆண்களின் அக்கறையின்மை. கடைசியில் ஒத்துழைத்த உள்ளூர் மக்களுக்கு நன்றி என்று ஒரு வரி. பெண்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாமதமாக வந்தவள் என்று ஊர் நடுவே படித்தார்கள். அவள் குனிந்துகொண்டாள்.

எழுந்தேன். "டாக்டரம்மா, எம் பொண்டாட்டிக்குக் கூச்சமா? மொட்டை மாடியில என் கையப் புடிச்சி வெச்சவ அவ. அறியாமையா? உங்க நர்ஸுக்கு முன்னாலயே அவளுக்குத் தெரியும்."

"அய்யா, பொதுவாத்தான் எழுதியிருக்கோம். தனித்தனியா யாரையும் சொல்லல."

"பொதுவா எழுதினா அது பொய்ம்மா. அவ முறைக்கு உக்காந்திருந்தா. கோடி வூட்டுக்காரியும் முறைக்குத்தான் உக்காந்திருந்தா. முறை போட்டது யாரு? நல்லா கீதுன்னு சொன்னது யாரு?"

அவர் முகம் மாறியது. அச்சுக்கு இன்னும் போகவில்லை, யோசிக்கிறேன் என்றார். யோசிக்கட்டும். சித்திரையில் அவளுக்கு அடுத்த பரிசோதனை. என்ன சொல்வார்களோ, அதற்குள் அச்சாகிவிட வேண்டும். திருத்தி அச்சானதை அவள் தன் காதால் கேட்க வேண்டும்.

அதனால் இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியச் சொல்கிறேன், டாக்டரம்மாவுக்கும் சேர்த்து. அந்த நன்றி என்கிற ஒற்றை வரி எனக்கு வேண்டாம். பின்கட்டு என்னுடையது, படகு என்னுடையது, அதை எழுதுங்கள். பாட்டு முறைப்படி பெண்களை வரிசையில் உட்கார வைத்தவன் நான் என்று எழுதுங்கள். ஊர் முன்னால் நின்று அந்த முறையை உடைத்தவனும் நான்தான் என்று எழுதுங்கள். இனி எந்தக் குப்பத்துக்குப் போனாலும் முதல் கேள்வியாக, யாருடைய முறைக்காகக் காத்திருக்கிறாய் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கொடுத்தவன் இன்னான் என்றும் எழுதுங்கள். என் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். என்னை விட்டுவிட்டு, அவளை மட்டும் தாமதமாக வந்தவள் என்று எழுதாதீர்கள்.